ஒன்றியத்துக்கு மாட்டுப் பொங்கல்

1

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஆனால் மாட்டுப் பொங்கல் உண்டு.

ஃபுளோரிடாவின் தெற்கே, கடலுக்கு அரைமணி தூரத்தில் இருக்கிறது வீடு. தை இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் சடங்கு தொடங்கும். மகள் தாரணி ஆளுயரக் கூண்டு ஒன்றின் சட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். என் மனைவி கலை தோட்டத்து வாழையில் நுனி இலை அறுத்து அதில் சர்க்கரைப் பொங்கல் வைப்பாள். மூன்று பேரும் கூண்டைச் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவோம். முதல் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பயந்து ஓடிவந்தார். இப்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போகிறார்.

கூண்டுக்குள் இருப்பவர் பொங்கல் சாப்பிட மாட்டார். அவருக்கு வெட்டுக்கிளி, புழு, எப்போதாவது ஒரு மாம்பழத் துண்டு. அனோல் என்று இங்கே சொல்கிறார்கள். நம்மூர்க் கண்ணுக்கு ஓணான்தான், ஆனால் ஓணானுக்குப் பெரியப்பா. மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் என் முழங்கையைத் தாண்டும். கிளிப்பச்சை உடம்பு, தோளில் வெளுத்த மஞ்சளாக ஒரு பட்டை, தலை மட்டும் ஹெல்மெட் போட்டதுபோல் எலும்பும் கோணமுமாக இருக்கும். கோபம் வந்தால் கழுத்துக்கு அடியில் மடித்துவைத்திருக்கும் ரோஸ் நிறத் தோலை விரித்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டும்.

அதற்குப் பேர் வைத்தது என் தம்பி ஏழுமலை. முதல்முறை வீடியோ காலில் பார்த்தபோதே கத்தினான்.

"இன்னாண்ணா இது! நம்ம ஒன்றியம் மேடையில துண்ட விரிச்சிக்கினு கும்புடு போடறா மாதிரியே கீதே!"

ஒன்றியம் என்றால் கட்சியின் ஒன்றியச் செயலாளர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பதவிதான் பேர். அன்றிலிருந்து இந்த ஓணானும் ஒன்றியம் ஆனது. வருடா வருடம் இந்தச் சடங்கு நேரத்துக்குச் சரியாக ஏழுமலை கூப்பிடுவான். அவனுக்கு அது காணும் பொங்கல் விடிகாலை. "இன்னாம்மா, ஒன்றியம் எப்டி கீது?" என்பான் தாரணியிடம். அவள் போனைக் கூண்டுக்கு முன்னால் பிடிப்பாள். அவன் பல் விளக்கிக்கொண்டே ஓணானோடு பேசுவான்.

இந்த வருடமும் கூப்பிட்டான். திரையில் சித்தப்பா பேர் தெரிந்ததும் தாரணி குங்குமக் கிண்ணத்தைக் கலை கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பாப்பா எங்கண்ணா?"

"படிக்கிறாடா. பரீட்சை."

பரீட்சை கிடையாது. அவனுக்கும் அது தெரியும். அவள் ஏன் அவனோடு பேசுவதில்லை என்பதன் முழு உண்மை அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்கு அதில் இருக்கும் வெட்கத்தை ஊரில் இருக்கும் உங்களிடம் கொட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் குளிரைப் பற்றியும் இட்லிமாவைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும்.

2

ஒன்றியம் எங்களிடம் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஒரு மாட்டுப் பொங்கல் அன்று காலையில் இங்கே குளிர் இறங்கியிருந்தது. இந்த மாநிலத்தில் குளிர் என்பது விருந்தாளி. அது வந்தால் மரத்தில் இருக்கும் ஓணான் சாதியெல்லாம் விறைத்துப்போய்ப் பொத்தென்று கீழே விழும். செத்ததுபோல் கிடக்கும். வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து போகும். எங்கள் மாமரத்திலிருந்து ஒன்று என் கார் மேல் விழுந்தது. பச்சையாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாக இருந்தது. வெயில் வந்தும் அதனால் ஏற முடியவில்லை, பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது. தாரணி என் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேசை மேசையாக மாற்றினார்கள். என் பேரை ஒவ்வொரு மேசையிலும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கடைசியில் ஓர் அம்மாள் பொறுமையாக விளக்கினார். இந்த வகை இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, எப்போதோ ஏதோ தீவிலிருந்து வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அனுமதி தேவையில்லை. ஆனால் பிடித்ததைத் திரும்ப வெளியே விட்டால் குற்றம்.

அந்தச் சமயத்தில், இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான எங்கள் பச்சை அட்டை விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறது என்றே தெரியாது. "நமக்கு இத்தனை வருஷமா இழுக்குறாங்க, ஓணானுக்கு ஒரே போன்ல குடுத்துட்டாங்க பாருங்க" என்று கலை சிரித்தாள்.

கூண்டை நான்தான் வடிவமைத்தேன். பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு வடிவமைப்பது என் தொழில். தாரணி படித்துப் படித்து விதிகளைச் சொன்னாள், நான் கணினியில் வரைந்தேன். இது மர உச்சியில் வாழும் பிராணி, ஆகவே கூண்டு அகலமாக இருந்து பயனில்லை, உயரமாக இருக்க வேண்டும். நம் கண்ணுக்குக் கீழே உட்காரவைத்தால் நடுங்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தொடாது, இலைமேல் நிற்கும் துளியைத்தான் நக்கும். அதற்காக ஒரு சின்ன மோட்டார் வேளாவேளைக்குப் பூஞ்சாரலாகத் தெளிக்கும். மின்சாரம் போனால் தெளிப்பு நிற்கக் கூடாதென்று ஒரு பேட்டரி. மேலே விளக்குக்கு அடியில் சூடான ஒரு கிளை. கீழே இலைகளுக்குள் குளிர்ச்சி. சூடு வேண்டுமானால் ஏறும், போதுமென்றால் இறங்கும்.

அந்தக் கீழ்ப்பக்கத்துக்குத் தாரணி வைத்த பேர் கூல் சைடு. அது இல்லாத கூண்டு கூண்டே இல்லை என்பாள்.

"அவர் எங்க இருக்கணும்னு அவர்தான்பா டிசைட் பண்ணணும்."

ஒருமுறை தாத்தாவை 'அது' என்று சொல்லி என்னிடம் திட்டு வாங்கியதிலிருந்து அவளுக்கு எல்லாரும் 'அவர்'தான், ஓணான் உட்பட. தமிழ் காதில் நன்றாக ஏறும், வாயில் தடுக்கும், எழுத்து தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தியது அவள் இல்லை. கார் ஓட்டச் சோம்பல்பட்டு நான்தான் நிறுத்தினேன்.

சூடு பார்க்க ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், எதை நோக்கி அழுத்தினாலும் அதன் சூட்டைக் காட்டும். ஒன்றியத்தின் உடம்புக்கு ஆகாத சூடு என்று ஓர் எல்லையை அவள் அதில் பதிந்துவைத்தாள். எல்லையைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒன்றியத்தின் பச்சை கொஞ்சம் மங்கினால்கூட அதை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"கலர் மாறினா தப்பு நம்ம மேலப்பா. அவர் மேல இல்ல."

3

எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தில் பாதி கம்பெனி வரும்போது போனது. மீதியை எனக்கும் ஏழுமலைக்கும் விட்டுவிட்டு அவரும் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேருமே ஒரே தொழிற்சாலையில் லைனில் நின்றவர்கள். நான் டிப்ளமோவை வைத்து அச்சுப் பிரிவுக்குத் தாவி, அங்கிருந்து கடல் தாண்டினேன். அவன் முதுகுவலி வந்து வேலையை விட்டான்.

அந்தப் பக்கத்தில் இப்போது கடலையைவிட ரூம்தான் நன்றாக விளைகிறது. கமுதி, விளாத்திகுளம், தென்காசி என்று தெற்கேயிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் வரை ஊர் ஊராக நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. நாமும் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஏழுமலை சொன்னான். சரி, படம் நான் போட்டு அனுப்புகிறேன் என்றேன். அச்சு வடிவமைக்கிறவன், ஓணானுக்குக் கூண்டு வரைகிறவன், ரூம் வரைய மாட்டேனா?

இரண்டையும் ஒரே வாரத்தில் வரைந்தேன். கணினியில் ஒரு சன்னலில் கூண்டு, இன்னொன்றில் ரூம். ஏழுமலை போனில் கேட்டான்.

"ண்ணா, மேல தளம் போட்டுடலாம்ணா. செலவு ஆவட்டும். தகர சீட்டு போட்டா வெய்யில்ல பொசுங்கிடும்."

நான் சொன்ன பதில் இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சீட்டே போதும்டா. பகல்ல யாரு ரூம்ல இருக்கப்போறாங்க? எல்லாம் வேலைக்குப் போற புள்ளைங்க."

பாருங்கள், இதைச் சொன்னவன் அதே தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்தவன். விடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பகலெல்லாம் ஓட்டு வீட்டில் அம்மா ஈரச்சாக்கு கட்டிவைத்த சன்னலுக்கு அடியில் தூங்கியவன். வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று அம்மா பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூட நிறுத்தச் சொல்வாள். இங்கே வந்து பகல் வேலைக்குப் பழகி, ராத்திரி தூங்கி, அப்படி ஒரு ஷிப்ட் உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஏழுமலை ஏதோ சொல்ல வந்தான். நான் கூண்டுக்குத் தெளிப்பு மோட்டார் தேடிக்கொண்டிருந்ததால், அப்புறம் பேசலாம்டா என்று வைத்துவிட்டேன்.

4

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். கத்திரி வெயில். கலை அவள் அம்மா வீட்டுக்குக் குன்றத்தூர் போய்விட்டாள். நானும் தாரணியும் ஏழுமலை வீட்டில் தங்கினோம்.

தாரணி அந்தச் சூட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வேலியெல்லாம் ஓணான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். ஒன்றியத்தின் சொந்தக்காரர்கள் எந்தச் சூட்டில் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். விமான நிலையத்தில் அதிகாரி அதை வெளியே எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, துப்பாக்கி மாதிரி?"

"ஓணான் உக்கார்ற கிளையில சூடு பாக்கறதுக்கு சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவர் டீயின் மேல் அழுத்திப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த ரூம்களைப் பார்க்கப் போனேன், தாரணி வேலியில் ஓணான் தேடிக்கொண்டே கூட வந்தாள். கட்டியபிறகு நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. நைட் ஷிப்ட் பஸ் அப்போதுதான் வந்து போயிருந்தது. குழாயடியில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை என்னை அறிமுகப்படுத்தினான்.

"இவருதான் எங்கண்ணன். அமெரிக்கால கீறாரு. ரூம் ப்ளானெல்லாம் இவருதுதான்."

முத்துலட்சுமி என்று ஒரு பெண், கமுதிப் பக்கம். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, நீங்க வந்தீகன்னா கூரைக்கு மேல ஏதாச்சும் போட்டுத் தருவீகன்னு ஏழுமலை அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாக. பகல்ல கண்ண மூட முடியலண்ணே."

"பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். பேச்சை மாற்ற வேண்டுமே என்று போனை எடுத்தேன். எடுத்ததும் பெருமை வந்துவிட்டது. இதோ பாரும்மா, எங்க வீட்டு ஓணான் என்று ஒன்றியத்தின் வீடியோவைக் காட்டினேன். மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். இது தானாகத் தண்ணீர் தெளிக்கும், இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர்ச்சி, அதுவே இடம் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று விலாவாரியாக விளக்கினேன். வடிவமைத்ததும் நான்தான் என்று சேர்த்துக்கொண்டேன். வாய் சும்மா இருக்குமா?

"கரண்டு போச்சுன்னா என்னண்ணே செய்யும்?" என்று முத்துலட்சுமி கேட்டாள்.

"பேட்டரி வச்சிருக்கேன்."

"யாத்தே! குடுத்துவச்ச சென்மம்ணே அது. அங்கிட்டு ஓணானாப் பெறந்திருந்தாக்கூட நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். ஏழுமலை மட்டும் குழாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். வேகமான தெற்கத்திப் பேச்சு தாரணிக்குப் பிடிபடவில்லை.

"என்ன சொன்னாங்கப்பா?"

"ஒன்றியம் ரொம்ப அழகா இருக்காராம்."

அவள் சந்தோஷமாக அந்தப் பெண்ணைப் பார்த்துத் தாங்க்யூ அக்கா என்றாள்.

5

அன்று மத்தியானம் ஏழுமலை வீட்டு அறையில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். தாரணி வந்து உலுக்கினாள். முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

மாடிப்படிக்கு அடியில், பைக் நிறுத்துகிற இடத்தில், கிழிந்த பேனர் ஒன்றை விரித்து முத்துலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் படுத்திருந்தார்கள். துப்பட்டாவை நனைத்து முகத்தின் மேல் போட்டிருந்தார்கள். படிக்கட்டின் நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்திருக்கிறார்கள், பேனர் சுருண்டு கிடந்தது. எங்கள் சத்தத்தில் முத்துலட்சுமி துப்பட்டாவை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா ஏன் வெளியே?" என்று தாரணி கேட்டாள்.

"உள்ளுக்க வெக்கை பாப்பா. ரவைக்கெல்லாம் வேலைக்குப் போறோம்ல, பகல்லதான தூங்கணும்."

தாரணி என்னை ஒரு ரூமுக்குள் கூட்டிப்போனாள். நான் வரைந்த ரூம். நான் வரைந்த அளவில் ஒரே ஒரு சின்ன சன்னல். ஒரு கட்டில், பகல் ஷிப்ட்காரி எழுந்து போனதும் நைட் ஷிப்ட்காரி படுப்பது. மேலே தகரச் சீட்டு. உள்ளே கால் வைத்ததும் மூச்சு முட்டியது. தாரணி கருவியைக் கூரையை நோக்கி அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்து கத்தியது. சுவரைக் காட்டினாள், கத்தியது. கட்டிலைக் காட்டினாள், கத்தியது. தரை, தண்ணீர்க் குடம், மடித்துவைத்த யூனிபாரம், எங்கே காட்டினாலும் கத்தியது.

கருவியைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல கூல் சைடு எது?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அப்பா காட்டுவார் என்று நம்பிக் கேட்டாள்.

அதற்குள் ஏழுமலை சத்தம் கேட்டு வந்துவிட்டான். முத்துலட்சுமியும் வாசலில் நின்றாள். வீட்டுக்காரர் எதிரில் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

"நல்ல ரூம்தான் பாப்பா. சாயங்காலமானா காத்து வரும்."

தாரணி விடவில்லை. இந்தக் கூரையை யார் இப்படிப் போட்டது, யார் முடிவு செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவள் கண்ணில் நான் இன்னும் ஒன்றியத்துக்குக் கூண்டு கட்டிய அப்பா. அதை இழக்க எனக்கு மனசில்லை.

"இதெல்லாம் சித்தப்பாதான் பாத்துக்கிறார்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏழுமலைக்குக் கம்பெனி இங்கிலீஷ் நன்றாகப் புரியும். சூப்பர்வைசர்களிடம் பேசிப் பழகியவன். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். காலையில் ரூம் ப்ளானெல்லாம் இவருது என்று அவன் வாயாலேயே சொல்லியிருந்தான். தாரணி அதைக் கவனித்திருக்கவில்லை. முத்துலட்சுமி கவனித்திருந்தாள், என் ஆங்கிலத்தில் சித்தப்பா என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொன்னது நான், குனிந்தது அவள்.

"ஏன் சித்தப்பா?" என்றாள் தாரணி.

"தப்புதாம்மா" என்றான் ஏழுமலை. "சித்தப்பாவுக்குத் தோணல. சரி பண்ணிடறேன்."

6

ஊரில் இருந்த மிச்ச நாள் தாரணி அவனோடு பேசவில்லை. அவன் வாங்கிவந்த நுங்கைத் தொடவில்லை. விமான நிலையத்தில் அவன் அவள் தலையைத் தொட வந்தபோது ஒதுங்கினாள். விமானம் ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பள்ளி திறந்தது, குளிர் வந்தது, ஒன்றியம் இரண்டு தடவை தோல் உரித்தது. நான் சொல்லவில்லை.

ஏழுமலையிடம் ஒருமுறை போனில் ஆரம்பித்தேன். "டேய், அன்னிக்கு நான்..."

"உடுண்ணா. கொயந்ததானே. உன்னாண்ட மூஞ்சி திருப்பிக்கினா நீ தாங்குவியா? அங்க உனக்கு வேற யாரு கீறாங்க? நான்னா பரவால்ல."

ஒரு தம்பி இப்படிச் சொன்னால் அண்ணன் என்ன செய்ய வேண்டும்? நான் நிம்மதியாகப் போனை வைத்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

இந்த மாட்டுப் பொங்கலன்று தாரணி மாடிக்குப் போன பிறகு, ஏழுமலை போனோடு வெளியே நடந்தான். பொங்கல் லீவுக்குப் பெண்களெல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். வருடத்தில் ரூமெல்லாம் காலியாக இருப்பது அந்த ஒரு வாரம்தான். விடியல் வெளிச்சத்தில் கூரை தெரிந்தது. சீட்டு மேல் முழுக்கத் தென்னங்கீற்று வேய்ந்திருந்தான். கீற்றின் முகட்டில் நெடுக ஒரு கறுப்புக் குழாய் ஓடியது.

"பாருண்ணா" என்று வால்வைத் திறந்தான். குழாயில் போட்டிருந்த பொடி ஓட்டைகளிலிருந்து கூரையெங்கும் சாரல் இறங்கியது. "ஒன்றியத்துக்கு நீ வச்சிக்கீறியே, அதே ஐடியாதான். சொட்டுநீர்ப் பைப்பு. உள்ள தெர்மாகோல் அடிச்சி, பின்பக்கம் ஒரு சன்னல் ஒடச்சிக்கீறேன். வெய்யில் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு பாத்தேன்."

யார் செலவு என்று நான் கேட்கவில்லை.

"பாப்பாகிட்ட இதக் காட்டுண்ணா" என்றான் கடைசியில். "சித்தப்பா சரி பண்ணிட்டாருன்னு சொல்லு. பேசுதான்னு பாப்போம்."

அவன் அனுப்பிய வீடியோவை மறுநாள் தாரணியிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். பின்பக்கத்து சன்னலில் நிறுத்திப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அவர் தப்ப அவரே சரி பண்ணிட்டார்ல? குட். நிறைய பேர் பண்ண மாட்டாங்க."

அவனை மன்னித்துவிட்டாள். அவன் செய்யாத தப்பை மன்னித்துவிட்டாள். நானும் ஆமாம்மா என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க அச்சு வரைபடத்தில் ஒரு கோடுகூட ஒழுங்காக விழவில்லை.

அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத இன்னொன்று உறைத்தது. ஊருக்கெல்லாம் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஏனென்றால் இது தமிழில் இருக்கிறது. தெரிய வேண்டிய ஒருத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த வகுப்பை நிறுத்தியதும் நான்தான்.

7

இந்தக் கடைசிப் பகுதியை இன்று, ஞாயிற்றுக்கிழமை, எழுதிச் சேர்க்கிறேன்.

காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே உள்ளதைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாரணி ஒன்றியத்துக்கு வெட்டுக்கிளி போட வந்தாள். என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதறீங்க?"

"ஒன்றியத்தப் பத்தி."

"நிஜமாவா? படிங்க."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கலை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்த இடத்தில் சிரித்தாள். பச்சை அட்டை இடத்திலும் சிரித்தாள். மூன்றாவது பகுதி வந்தது. நான் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். என்ன வேண்டுமானாலும் மாற்றிப் படிக்கலாம். எழுத்து அவளுக்குத் தெரியாது. அன்றைக்குக் குழாயடியில் மாற்றிச் சொன்னேனே, அதே மாதிரி. ஒன்றியம் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுதியிருந்தபடியே படித்தேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஐந்தாவது பகுதியையும் நிறுத்தாமல் படித்தேன். அவள் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த டப்பாவுக்குள் வெட்டுக்கிளிகள் முட்டிக்கொண்டிருந்தன. படித்து முடித்தேன். கலை கரண்டியோடு அப்படியே நின்றாள். அவளுக்கும் இது புதுசு.

தாரணி கேட்டாள்.

"சித்தப்பா தளம் போடலாம்னு சொன்னாரே, அந்த இடம். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? மறுபடி படிங்க."

படித்தேன். "சீட்டே போதும்டா. பகல்ல யாரு ரூம்ல இருக்கப்போறாங்க?"

"ம்" என்றாள்.

எழுந்து டப்பாவைத் திறந்து வெட்டுக்கிளிகளைக் கூண்டுக்குள் விட்டாள். கொண்டியைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

"சித்தப்பாவுக்கு இப்ப மணி என்ன?"

"சாயங்காலம். நைட் ஷிப்ட் பஸ் வர்ற நேரம்."

மேசையில் கிடந்த என் போனை எடுத்தாள். மாடிக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்தாள். நான் கொஞ்சம் நகர்ந்தேன்.

"எங்கேயும் போகக் கூடாது" என்றாள்.

மணி அடித்தது. ஏழுமலை உடனே எடுத்தான். பின்னால் கீற்று வேய்ந்த கூரை தெரிந்தது, பஸ் ஹாரன் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா" என்றான். "ஒன்றியம் எப்டி கீது?"